குடும்ப ஒளிப்படத் தொகுப்பு

குடும்ப ஒளிப்படத் தொகுப்பு என்பது ஒரு குடும்பத்தின் ஒளிப்படங்களைத் திரட்டி, வகைப்படுத்தி, குறிப்புகளுடன் ஏட்டில் அமைத்துப் பேணும் முறை ஆகும். இவ்வேடு ஆல்பம் அல்லது ஒட்டுப் புத்தகம் எனப்படுகின்றது. இக்கட்டுரை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் உள்ளிட்ட காவிரிப் படுகையின் சூழலை முன்வைத்து இதனை விளக்குகின்றது.

வரலாறு

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லினேயஸ் டிரைப் 1858 இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் எடுத்தார். பின்னர் நகரங்களில் நிழற்பட நிலையங்கள் தோன்றின. திருமணம், மணிவிழா போன்ற நிகழ்வுகளின் படங்கள் சட்டமிடப்பட்டுக் கூடத்துச் சுவர்களில் மாட்டப்பட்டன. 2010களில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் ஆதரவுடன், பழைய தமிழ் நிழற்பட நிலையங்களின் படங்களை எண்ணிம வடிவில் பதிவு செய்தது.

சிதைவுக்கான காரணங்கள்

கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தருவது செலட்டின் படலத்தில் உள்ள வெள்ளித் துகள்கள் ஆகும். செலட்டின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். சட்டக் கண்ணாடியுடன் ஒட்டிக்கொள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் கூடுவதால் படங்களில் பூஞ்சை எளிதில் வளரும். கரையானும் இராமபாணப் பூச்சியும் தாளையும் பசையையும் அரிக்கின்றன. வண்ணப் படங்களின் சாயங்கள் இருட்டில் வைத்தாலும் மங்கக்கூடியவை. 1970களின் படங்கள் பல செந்நிறமாக மாறியிருப்பதற்கு இதுவே காரணம்.

2004 ஆழிப்பேரலையும் 2018 நவம்பரில் வீசிய கஜா புயலும் இப்பகுதியில் பெருமளவில் வீடுகளைச் சேதப்படுத்தின. ஒரே ஒரு படி மட்டும் உள்ள படம் இவ்வாறு அழிந்தால் அதனை மீட்க வழியில்லை.

அடையாளம் காணல்

படம் நலமாக இருந்தும் அதில் இருப்பவர் யார் எனத் தெரியாமல் போவது மற்றோர் இழப்பு ஆகும். ஆகையால் முதியோரிடம் கேட்டு எழுதுவதே முதற்பணியாகும். "தாத்தா" என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறைக்குப் பயன்படாது. பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் உள்ளதால் பெயர் மட்டும் போதாது. தந்தை பெயர், ஊர், உறவுமுறை ஆகியனவும் வேண்டும். தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் வரும். எடுத்துக்காட்டாக, விரோதி ஆண்டு 1949–50, 2009–10 ஆகிய இரண்டையும் குறிக்கும். எனவே ஆங்கில ஆண்டையும் சேர்த்தெழுதுதல் நன்று.

பேணும் முறைகள்

* பழைய தாள் படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதலாம். பந்துமுனைப் பேனா முன்புறத்தில் தடம் பதிக்கும். வழுவழுப்பான புதிய தாளில் பென்சில் பதியாது. குறிப்பை உறையின் மீது எழுதலாம்.
* ஒட்டுப் புத்தகத்தில் படிகளை மட்டும் வைத்து, மூலப் படங்களை அமிலமற்ற தாள் உறைகளில் தனியே வைத்தல் வேண்டும். படங்களைப் பசையால் ஒட்டாமல் மூலைப் பிடிப்பான்களில் செருகலாம்.
* வெப்பம் மிகுந்த பரணையும் ஈரம் ஏறும் சுவரோரத்தையும் தவிர்த்தல் வேண்டும்.
* கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிரித்தெடுக்க முயலாமல், அவ்வாறே படி எடுத்தல் வேண்டும்.
* சிறிய படங்களை அங்குலத்திற்கு 600 புள்ளிகள் அளவில் வருடி, கோப்புகளின் இரு படிகளை வெவ்வேறு ஊர்களில் வைக்கலாம்.
* வெள்ளத்தில் நனைந்த படங்களைத் தூய குளிர்நீரில் மெதுவாக அலசி, உருவப் பக்கம் மேலிருக்க நிழலில் பரப்பி, இரண்டு நாட்களுக்குள் உலர்த்துதல் வேண்டும். வெயிலில் இட்டால் படம் சுருண்டு வெடிக்கும்.