அனுப்பி வைப்பது யார்? 1946 தேர்தலும் தனித்தொகுதியும்

தனித்தொகுதியில் வென்றவர் நமக்காகப் பேசுவதில்லை என்று அடிக்கடி கோபப்படுகிறோம். கோபம் நியாயமானதே. ஆனால் அவரை அங்கே அனுப்பியது யாருடைய வாக்கு என்று கேட்கிறோமா?

1932இல் வகுப்புவாரித் தீர்ப்பு நமக்கு இரட்டை வாக்குரிமை தந்தது. வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும், நம் செங்கல்பட்டு மண்ணின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் வாதாடியதன் பலன் அது. காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் வந்தது. இடங்கள் 71இலிருந்து 148 ஆகின. ஆனால் முடிவு செய்யும் வாக்கு கைமாறியது. முதற்கட்டத் தேர்தலில் நம் மக்கள் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள், அதாவது பெரும்பான்மைச் சாதி இந்துக்கள், தேர்வு செய்வார்கள்.

இந்த முறையில்தான் 1946இல் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. மொத்தம் 215 இடங்கள். தனி இடங்கள் 30. சொத்து, வரி, படிப்பு இருந்தால்தான் வாக்கு. நிலமற்ற பண்ணையாட்களில் பெரும்பாலோருக்கு வாக்கே கிடையாது. நாடு முழுக்கத் தனி இடங்களைக் காங்கிரஸ் அள்ளியது. ந. சிவராஜ் தலைமையிலான பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்குக் கிடைத்தவை ஒன்றிரண்டுதான். முதற்கட்டத் தேர்தல் முடிவுகளைப் பாருங்கள் என்று அம்பேத்கர் வாதிட்டார். அமைச்சரவைத் தூதுக்குழு ஏற்கவில்லை. பம்பாயிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போக வழியில்லாமல், ஜோகேந்திரநாத் மண்டல் துணையோடு வங்காளத்திலிருந்துதான் அவர் தேர்வானார்.

அதே ஆண்டுகளில் பிரெஞ்சு ஆப்பிரிக்காவைப் பாருங்கள். 1945 அக்டோபர் தேர்தலில் பெரும்பாலான பகுதிகளில் பிரெஞ்சுக் குடிமக்களுக்கு ஒரு வாக்காளர் பட்டியல், குடியுரிமையற்ற ஆப்பிரிக்கர்களுக்கு வேறொன்று. சில ஆயிரம் குடிமக்களுக்கும் ஓர் உறுப்பினர், பல லட்சம் ஆப்பிரிக்கர்களுக்கும் ஓர் உறுப்பினர். காமரூன் போன்ற பகுதிகளில் 1946 நவம்பர் தேர்தலிலும் இது நீடித்தது. ஒரே பட்டியலும் அனைவருக்கும் வாக்கும் எல்லாப் பகுதிகளுக்கும் வர 1956 ஆனது.

அங்கே தனிப்பட்டியல் ஆதிக்கத்துக்கு உதவியது. இங்கே கூட்டுத் தொகுதி உதவியது. ஆகவே தனியா, கூட்டா என்பதோடு கேள்வி முடிவதில்லை. இறுதி வாக்கு யார் கையில் என்பதே கேள்வி.

இன்று வயது வந்த எல்லோருக்கும் வாக்குண்டு. ஆனால் முதற்கட்டத் தேர்தல் இல்லை. அந்த நால்வரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் போய்விட்டது. வேட்பாளரைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள தோழர்களுக்கு ஒரு வேலை: ஸ்ரீபெரும்புதூர், செய்யூர், மதுராந்தகம் தனித்தொகுதிகளின் படிவம் 20ஐ எடுங்கள். வாக்குச்சாவடி வாரியாக வாக்குகள் அதில் இருக்கும். சேரிச் சாவடிகளில் முந்தியவர் யார், ஊர்ச் சாவடிகளில் முந்தியவர் யார், வென்றவர் யார் என்று பிரித்து எழுதுங்கள். அடுத்த விவாதத்தை அந்தத் தாளை வைத்து நடத்துவோம்.