ஹோல்மியம் படிக லேசர்

ஹோல்மியம் அயனிகளைச் சிறிதளவு கலந்த படிகத்திலிருந்து, 2.1 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்புக் கதிரைப் பெறும் திடநிலை லேசர் இது. அணு எண் 67 கொண்ட ஹோல்மியம் அருமண் தனிமங்களுள் ஒன்று. அதன் நிறமாலைக் கோடுகளை 1878-ல் சோரே, டெலாஃபோன்டேன் என்ற சுவிட்சர்லாந்து வேதியியலாளர்கள் கண்டனர். முதல் ஹோல்மியம் லேசர் 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், கால்சியம் டங்ஸ்டேட் படிகத்தில் இயங்கியது. 1965-ல் அதே ஆய்வகத்தில் இட்ரியம் அலுமினியம் கார்னெட் படிகத்திலும் இயங்கிற்று. 'யாக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தப் படிகமே இன்றும் பெருவழக்கு.

இந்த லேசரின் திறனை உயர்த்தும் முயற்சியின் வரலாறு பெரும்பாலும் வெப்பத்தோடு நடந்த போராட்டமே. ஒளியை உமிழ்ந்த ஹோல்மியம் அயனி வந்து சேரும் ஆற்றல் மட்டம், அடிநிலைக்கு மிக அருகில் இருக்கிறது. அறை வெப்பத்திலேயே கணிசமான அயனிகள் அங்கே தங்கி, உண்டான ஒளியைத் திரும்ப உறிஞ்சுகின்றன. படிகம் சூடேறச் சூடேற இந்த இழப்பும் கூடும். பழைய முறையில் ஃபிளாஷ் விளக்கின் ஒளியை, படிகத்தில் சேர்த்துக் கலந்த குரோமியம் வாங்கி, துலியம் என்ற இன்னோர் அருமண் தனிமத்துக்குக் கொடுக்கும். துலியம் ஹோல்மியத்துக்குக் கடத்தும். விளக்குக்குச் செலுத்தும் மின்சாரத்தில் சில சதவீதமே லேசராகிறது, மிச்சம் பெரும்பாலும் வெப்பம். சிறுநீரகக் கல்லை உடைக்கும் 100 வாட் மருத்துவக் கருவிகள் சிலவற்றில் பல படிகத் தண்டுகளை வைத்து மாறி மாறி இயக்குவது இதனால்தான்.

விளக்குக்குப் பதில் 785 நானோமீட்டர் டையோடு லேசர் வந்தபோது நிலைமை தேறியது. டையோடின் ஒரு ஃபோட்டானை வாங்கும் துலியம் இரண்டு அயனிகளைக் கிளர்த்திவிடும். ஆனாலும் உள்ளே போகும் ஆற்றலில் கால் பங்கேனும் படிகத்திலேயே வெப்பமாகத் தங்கிவிடும். உண்மையான திருப்பம், துலியத்தைப் படிகத்திலிருந்தே வெளியேற்றியதுதான். தனியே இயங்கும் துலியம் இழை லேசரின் 1,908 நானோமீட்டர் கதிரை ஹோல்மியம் மட்டும் கலந்த படிகத்தில் செலுத்தினால் 2,090 நானோமீட்டரில் லேசர் கிடைக்கும். இரண்டு அலைநீளங்களும் நெருங்கியிருப்பதால் ஃபோட்டானுக்கு ஏறத்தாழ 9 சதவீத ஆற்றலே வெப்பமாகிறது. 100 வாட்டைத் தாண்டிய ஹோல்மியம் யாக் லேசர்கள் இந்த வழியிலும் உருவாயின. இந்தியாவில் துலியம் இழை லேசர் உருவாக்கத்தில் கொல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிறுவனம் ஈடுபட்டுள்ளது.

படிகத் தேர்வில் ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்க வேண்டும். யாக் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், உறுதியும் மிக்கது. ஆனால் சூடேறும்போது கதிரின் முனைவாக்கத்தைக் குலைக்கும். இட்ரியம் லித்தியம் ஃபுளூரைடில் கதிர் இயல்பாகவே முனைவுற்றிருக்கும், வெப்பத்தால் வில்லை போலக் கதிரை வளைக்கும் குறையும் குறைவு. கிளர்ந்த அயனிகள் அதில் யாக்கில் இருப்பதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நேரம், அதாவது சுமார் 14 மில்லிசெகண்டு, ஆற்றலைச் சேமித்து வைக்கும். எளிதில் விரிசல் விடுவது அதன் பலவீனம். யாக்கை வளர்க்க 1,900 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்க வேண்டும். மூசையாக இரிடியம் தேவை. சென்னையில் படிக வளர்ப்புக்கென்றே அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒரு தனி மையம் இயங்குகிறது.

2.1 மைக்ரோமீட்டர் கதிரை நீர் வலுவாக உறிஞ்சும். திசுவுக்குள் அது அரை மில்லிமீட்டர்கூடப் போகாது. அறுவை மருத்துவம் இதை விரும்பக் காரணம் இதுவே. இராணுவம் இதைத் துத்தநாக ஜெர்மேனியம் பாஸ்ஃபைடு படிகத்தின் வழியே 3 முதல் 5 மைக்ரோமீட்டர் கதிராக மாற்றி, வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணையின் கண்ணை மறைக்கப் பயன்படுத்துகிறது.

இவற்றைவிட வடசென்னைக்கு நெருக்கமான பயன் ஒன்று உண்டு. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலையில் 210 மெகாவாட் அலகுகள் மூன்றும், இரண்டாம் நிலையில் 600 மெகாவாட் அலகுகள் இரண்டும் நிலக்கரியால் இயங்குகின்றன. பக்கத்து வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. இத்தனை புகைபோக்கிகளுக்கு நடுவே வாழும் மக்களுக்குக் காற்றில் என்ன கலக்கிறது என்பதை அளந்து காட்டுவது மிகவும் அவசியம். அப்படிக் கலப்பவற்றுள் ஒன்றான கரியமில வாயு 2,051 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். துலியமும் ஹோல்மியமும் கலந்த ஃபுளூரைடு லேசரை அங்கே துல்லியமாக நிறுத்தலாம். வாயு உறிஞ்சும் அலைநீளத்தில் ஒரு துடிப்பும் சற்று விலகிய அலைநீளத்தில் இன்னொன்றும் அனுப்பி, திரும்பி வரும் ஒளியின் வேறுபாட்டிலிருந்து வாயுவின் அளவைக் கணக்கிடுவார்கள். நாசாவின் லாங்லி மையம் இத்தகைய கருவியை 2014-ல் விமானத்தில் ஏற்றிச் சோதித்தது. துலியம் இங்கே மறுபடியும் கைகொடுக்கிறது: முதல் துடிப்பில் ஹோல்மியம் இழந்த ஆற்றலை அது ஈடுசெய்வதால், ஒரே கிளர்வில் இரண்டாம் துடிப்பும் கிடைத்துவிடும்.

இப்படித் துடிப்புகளை அனுப்பித் திரும்பும் ஒளியை அளக்கும் கருவிக்கு லைடார் என்று பெயர். திருப்பதி அருகே கடங்கியில் 1998 முதல் இயங்கிவரும் லைடார் 532 நானோமீட்டர் பச்சைக் கதிரைப் பயன்படுத்துகிறது. அது தூசுப்படலத்தையும் நடுவளிமண்டல வெப்பநிலையையும் காணும். ஆனால் கரியமில வாயுவை இனம்பிரிக்க, அது உறிஞ்சும் 2 மைக்ரோமீட்டர் போன்ற அலைநீளம் வேண்டும். இந்த அனல்மின் நிலையங்களை ஒட்டிய எண்ணூர்க் கடலோரத்தின் ஈரக்காற்றில், துலியம் இழை லேசரால் இயக்கும் ஹோல்மியம் கருவியை நிறுத்தினால் ஒரு கூடுதல் ஏற்பாடும் தேவை. 1,908 நானோமீட்டரை ஒட்டி நீராவியும் உறிஞ்சும் என்பதால், துலியம் லேசரிலிருந்து படிகம் வரையிலான கதிர்ப்பாதையை மூடி, உலர்ந்த நைட்ரஜனை அதில் ஓடவிட வேண்டும்.