காப்பாபிளாங்காவை வீழ்த்திய ‘வேலைக்காரர்’

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டி. ஒருபக்கம் கியூபாவின் காப்பாபிளாங்கா: 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியன், 1916க்கும் 1924க்கும் இடையே ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காதவர். எதிரே பஞ்சாபின் மிட்டா திவானா கிராமத்து மீர் சுல்தான் கான். (‘சுல்தான்’ பெயர்தான், பட்டமல்ல.) அவரை லண்டனுக்கு அழைத்துப்போனவர் பெருநிலக்கிழாரும் ஆங்கிலேய விசுவாசியுமான சர் உமர் ஹயாத் கான்.

சுல்தான் கான் நாட்டுச் சதுரங்கத்தில் வளர்ந்தவர். அதில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். ஐரோப்பிய விதிகளை அவர் கற்றது இருபது வயதுக்குப் பிறகு. ஆனாலும் 1929இல் பிரிட்டிஷ் சாம்பியன் ஆகிவிட்டார்!

ஹேஸ்டிங்ஸில் அவருக்கு வெள்ளைக் காய்கள். காப்பாபிளாங்கா தன் இரண்டு யானைகளையும் கொடுத்து வெள்ளை ராணியை எடுத்தார். ஆனால் பலகை சிப்பாய்களால் அடைபட்டுக் கிடந்தது. ராணி இருந்தும் ஓட இடமில்லை. சுல்தான் கான் அவசரப்படவே இல்லை. யானைகளைக் கொண்டு மெல்ல மெல்ல நெருக்கினார். 65 நகர்த்தல்களில் முன்னாள் உலகச் சாம்பியன் தோற்றார்.

வரலாறு எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? 1933இல் சர் உமரின் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது சுல்தான் கான் தங்களுக்கு உணவு பரிமாறினார் என்று அமெரிக்க வீரர் ரூபன் ஃபைன் எழுதினார். ‘எழுத்தறியாத வேலைக்காரர்’ என்ற சித்திரம் அப்படியே நிலைத்தது. ஆங்கிலம் படிக்காதவர் எழுத்தறியாதவராம்! அவர் வேலைக்காரரே அல்லர், நிலமுள்ள குடும்பம் என்கிறார்கள் அவருடைய குடும்பத்தார். நாமும் அவரைத் தலித் என்று சொந்தம் கொண்டாடவில்லை. நமக்கு உறுத்துவது வேறு. மூன்றுமுறை பிரிட்டிஷ் சாம்பியனான ஒருவர் எப்போது வருவார், எப்போது திரும்புவார் என்பது ஆண்டையின் பயணத்தைப் பொறுத்திருந்தது. 1933 இறுதியில் சர் உமர் ஊர் திரும்பினார், சுல்தான் கானும் திரும்பினார். முப்பது வயதையொட்டியே அவருடைய சர்வதேச ஆட்டம் முடிந்தது.

அதே வீட்டாரோடு வந்த ஃபாத்திமா 1933இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன். அவரைப் பற்றி எழுதப்பட்டது இன்னும் சொற்பம்.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1950இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கத் தொடங்கியது. சுல்தான் கான் 1966 வரை உயிரோடிருந்தார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024இல் வந்தது.