நாலு பேர், மூணு பேர்: இரண்டு வீட்டு வாசல்களின் கதை

1886ஆம் வருடம் ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 19 நாள் கழித்து, ஆகஸ்ட் 18 அன்று, மயிலாப்பூரில் இன்னொரு பெண் குழந்தை. முதல் குழந்தை பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இரண்டாவது, சகோதரி சுப்புலட்சுமி. (பாடகி எம்.எஸ். இல்லைங்க, இவர் வேறு.)

வேறு எதற்கோ குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது இந்த இரண்டு தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து விழுந்தன. அடுத்து இருவருடைய வாழ்க்கையையும் அப்படியே வரிசையாக வைத்துப் பார்த்தேன். அதில் கண்ணில் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு பேரும் பிறந்த இடம் ஒன்றுக்கொன்று நேர் எதிர். சுப்புலட்சுமி வைதிக பிராமணக் குடும்பம். 11 வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் அதோடு ஒரு பெண்ணின் கதை முடிந்தது. நல்ல காரியத்தில் எதிரே வரக்கூடாது, மூலையில் உட்கார வேண்டும். முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்த மரபில் பொட்டு கட்டிக்கொண்ட பெண் 'நித்திய சுமங்கலி'. கணவன் என்று மனிதன் யாரும் இல்லாததால் அவள் தாலி என்றைக்கும் அறுவதில்லை. மங்கலம் என்று மதிப்பார்கள், ஆனால் 'குடும்பப் பெண்' என்று வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள்.

ஒருத்தி அமங்கலி, இன்னொருத்தி நித்திய சுமங்கலி. யோசிச்சுப் பாருங்க, ரெண்டு பேருக்கும் கடைசியில் கிடைத்தது ஒன்றுதான்: வாசலுக்கு வெளியே ஓர் இடம்.

இந்த இரண்டு பேருக்கும் வாய்த்த அதிர்ஷ்டம், படிக்க வைத்த அப்பாக்கள். சுப்புலட்சுமியின் தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் உட்கார வைக்காமல் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார் சுப்புலட்சுமி. சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்துப் பெண் என்று அவரைச் சொல்வார்கள். முத்துலட்சுமியின் தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டைக் கல்லூரியின் முதல்வர். ஆண்கள் படிக்கும் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு வந்தபோது மன்னரே அனுமதி கொடுத்தார். அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரி. 1912இல் டாக்டர்.

அதே 1912இல்தான் எழும்பூரில் சுப்புலட்சுமி தன் அப்பா வீட்டில் நாலு சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டார். நாலு பேரும் குழந்தை விதவைகள். பெரிய திட்டம், கட்டடம், நிதி என்று ஒன்றும் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு வீடு, அதில் கூடுதலாக நாலு இலை. கூடவே சித்தி. அம்மாவின் தங்கை வாலாம்பாள், அவரும் விதவை. வீட்டைப் பார்த்துக்கொள்ள அவர் இருந்ததால்தான் சுப்புலட்சுமியால் வெளியே போய்ப் பள்ளியில் வேலை பார்க்கவும், நன்கொடைக்கு அலையவும் முடிந்தது.

இந்தியாவில் இது முதல் முயற்சி அல்ல. பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் சாரதா சதன் ஆரம்பித்திருந்தார். 1896இல் கார்வே புனேயில் விதவைகள் இல்லம் தொடங்கினார். ஆனால் சென்னையில் நாலு பேர் வந்த வாசல் சீக்கிரமே நெரிசலானது. கல்வித் துறை அதிகாரியாக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் துணைக்கு வந்தார். 1917இல் அரசு கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸை வாங்கி இந்த இல்லத்துக்குக் கொடுத்தது. இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்று நாம் சொல்கிற அதே வட்டக் கட்டடம்தான். 1840களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸை வைத்திருந்த கிடங்கு அது. பின்னாளில் அதன் ஜன்னல்களில் நின்று குழந்தை விதவைகள் கடலைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் விவேகானந்தரோடு சேர்த்து இவர்கள் ஞாபகமும் வரும்.

இப்போது 1930க்கு வருவோம். முத்துலட்சுமி அதற்குள் ரொம்பப் பிரபலம். 1926இல் சட்ட மேலவைக்குள் வந்து, அடுத்த வருடமே அதன் துணைத் தலைவரானவர். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டு கட்டி விடும் வழக்கத்தை நிறுத்தவேண்டும் என்று சபையில் வாதாடியவர். காந்தியைக் கைது செய்ததைக் கண்டித்து 1930இல் அந்தப் பதவியை ராஜினாமா செய்தார்.

அதே வருடம், தேவதாசி மரபைச் சேர்ந்த மூன்று இளம் பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இனி அந்த வாழ்க்கை வேண்டாம் என்று கிளம்பி வந்தவர்கள். முத்துலட்சுமி அவர்களுக்கு நகரத்தில் இருந்த பெண்கள் விடுதிகளில் இடம் பார்த்தார். விடுதிகள் சாதி பார்த்துச் சேர்த்துக்கொண்ட காலம். எந்தச் சாதி விடுதியிலும் இந்தப் பிறப்புக்கு இடம் இல்லை.

மேடையில் பேசுகிறவருக்கு இது ஒரு சங்கடமான இடம். 'வெளியே வா' என்று சொன்னது நாம்தான். வந்து நிற்கிறார்கள், எங்கே போவார்கள்? அவர் அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படி ஆரம்பித்ததுதான் அவ்வை இல்லம். அடையாறில் இன்றும் இருக்கிறது.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். விதவை மறுமண சட்டம் வந்தது 1856இல். எழும்பூர் வீட்டில் நாலு பேர் வந்து சேர்ந்தது 1912இல். நடுவில் 56 வருடம். சட்டம் இருந்தது, போக வீடு இல்லை. தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947இல். கதவு தட்டப்பட்டது 1930இல். 17 வருடம் முன்னால். இங்கே வீடு இருந்தது, சட்டம் இல்லை.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. முத்துலட்சுமியே சட்டத்துக்காகப் போராடியவர்தானே. ஆனால் சட்டம் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் நடுவில் ஒரு இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் ஒரு பெண்ணுக்கு இன்றைக்கு ராத்திரி படுக்க ஒரு பாய் வேண்டும். அதை எந்தச் சபையும் தீர்மானம் போட்டுக் கொடுக்க முடியாது. யாரோ ஒருவர் 'உள்ளே வாம்மா' என்று சொல்லவேண்டும்.

இவர்களைக் குறையே இல்லாதவர்களாகக் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமண விதவைகளுக்கானது. அந்த எல்லைக்குள்தான் அந்தக் கருணை வேலை செய்தது. தேவதாசி ஒழிப்பைத் தேவதாசிகளிலேயே பலர் எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர்கள், எங்கள் கலையும் சொத்துரிமையும் என்னாவது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது, இன்றும் ஆய்வாளர்கள் அதைப் பேசுகிறார்கள். ஆனால் சபையில் நடக்கிற விவாதத்துக்குத்தான் இரண்டு பக்கம். வாசலில் வந்து நிற்கிற பெண்ணுக்குக் கதவைத் திறக்கலாம், அல்லது மூடலாம். வேறு வழி இல்லை.

திறந்த கதவு அதோடு நிற்கவும் இல்லை. தன் தங்கை புற்றுநோயில் இறந்ததை முத்துலட்சுமி மறக்கவே இல்லை. 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. மறுவருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் இறக்கும்வரை அந்த வளாகத்திலேயே தங்கி நோயாளிகளைப் பார்த்தார். சுப்புலட்சுமி தொடங்கிய சாரதா வித்யாலயா தி.நகரில் இருக்கிறது. 1956இல் மயிலாப்பூரில் வித்யா மந்திர் பள்ளி தொடங்கியதிலும் அவர் பங்கு உண்டு. தி.நகர், மயிலாப்பூர், அடையாறு என்று தினமும் சுற்றுகிற நாம் இந்த வாசல்களைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

முத்துலட்சுமி 1968 ஜூலையில் காலமானார். சுப்புலட்சுமி 1969 டிசம்பரில். ஒரே வருடம் பிறந்தவர்கள், ஒன்றரை வருட இடைவெளியில் போனார்கள்.

இந்தக் குறிப்புகளை முடித்தபிறகு என் மனதில் தங்கியது டாக்டரும் இல்லை, பட்டதாரியும் இல்லை. சித்திதான். வாலாம்பாள் சட்டசபைக்குப் போகவில்லை, பட்டம் வாங்கவில்லை, அவர் பேரில் ரோடு இருப்பதாகவும் எனக்குத் தெரியவில்லை. நாலு பேருக்கு உலை வைக்கிற வீட்டில் அவர் கூட இருந்தார். நாலு நாற்பதானபோதும் இருந்தார். நம்மில் பெரும்பாலோருக்குச் சுப்புலட்சுமியாகவோ முத்துலட்சுமியாகவோ ஆகும் வாய்ப்பு வராது. சித்தியாக இருக்கும் வாய்ப்பு அநேகமாக இந்த வாரமே வரும்.