சோதனை அளந்தது எதை?

திருவனந்தபுரத்தில் நான் தினமும் காணும் உணவு 'கப்ப', நம் மரவள்ளிக்கிழங்கு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் பரப்பிய பயிர். பின்னாளில் ஒரு நோயின் பழியும் இதன்மேல் விழுந்தது.

1959இல் இந்தோனேசியாவில் சூடெமா, வறிய இளைஞர்களிடம் கணையக் கல்லும் நீரிழிவும் சேர்ந்திருந்ததைப் பதிவு செய்தார். கேரளத்தில் அந்நோயை விரிவாக ஆராய்ந்தவர் பி. ஜே. கீவர்கீஸ். கணையம் சிதைந்தால் கொழுப்புச் செரிக்காமல் மலத்தில் கழியும். நாளுக்கு 100 கிராம் கொழுப்பு உண்பவரின் மலத்தில் 7 கிராமுக்கு மேல் இருந்தால் செரிமானக் கேடு என்பது ஆய்வகக் கணக்கு. நூறு கிராம்! கிழங்கால் வயிறு நிரப்பியவருக்கு அது ஏது? உண்ணாத கொழுப்பு மலத்தில் வராது. எனவே கணையம் கெட்டவர் பலருக்கும் முடிவு இயல்பாகவே வந்தது. கொழுப்பைக் கூட்டி உண்ணச் செய்தபோதே குறை வெளிப்பட்டது.

கிழங்கின் சயனைடு காரணமாகலாம் என 1979இல் மெக்மில்லனும் கீவர்கீஸும் எழுதினர். ஆனால் கிழங்கு உண்ணாத பகுதிகளிலும் நோய் இருந்தது. 2002இல் 'ஸ்பிங்க்1' மரபணு மாற்றம் தெரியவந்தது. 1985இல் இதனை 'ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு' என வகைப்படுத்திய உலகச் சுகாதார நிறுவனம், 1999இல் அவ்வகையையே நீக்கியது. காரணம் உறுதியாகுமுன் அதைப் பெயரிலேயே ஏற்றிவிட்டனர் என்பது மொழியியல் மாணவனான என் முறையீடு.