கிளஸ்டர் ஈ

கிளஸ்டர் ஈ என்பது பொல்லேனியா பேரினத்தைச் சேர்ந்த ஈ. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இலையுதிர்காலத்தில் வீட்டுச் சுவர்களில் திரண்டு, பரண்களில் கூட்டமாகக் குளிர்காலத்தைக் கழிப்பது இதன் தனி இயல்பு. நன்கு அறியப்பட்ட இனமான பொல்லேனியா ரூடிஸின் புழு, மண்புழுவின் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வளர்கிறது.

வகைப்பாடு

பொல்லேனியா ரூடிஸை 1794இல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் விவரித்தார். பொல்லேனியா பேரினத்தை 1830இல் பிரெஞ்சு அறிஞர் ரொபினோ-தெவுவாதி நிறுவினார். நெடுங்காலம் நீல ஈக்களின் குடும்பமான கல்லிபோரிடேயில் வைக்கப்பட்டிருந்த இப்பேரினம், இப்போது பொல்லேனிடே என்னும் தனிக் குடும்பத்தில் வைக்கப்படுகிறது. வட அமெரிக்காவில் பிடிபட்டவை எல்லாம் ரூடிஸ் என்றே முன்பு குறிக்கப்பட்டன. 2012இல் வெளியான மீளாய்வு அங்கு 6 இனங்கள் இருப்பதைக் காட்டியது.

அடையாளம்

உடல் நீளம் பெரும்பாலும் 8 முதல் 10 மி.மீ. வரை, வீட்டு ஈயைவிடச் சற்றுப் பெரியது. கருஞ்சாம்பல் நிற மார்பில் சுருண்ட பொன்னிற மென்மயிர் படர்ந்திருக்கும். முதன்மையான அடையாளம் இதுவே. வயதான ஈக்களில் மயிர் உதிர்ந்துவிடுவதால் மார்பின் பக்கங்களையும் பார்க்க வேண்டும். வயிற்றில் ஒளிக்கேற்ப மாறித் தோன்றும் சாம்பல் கட்டங்கள் உண்டு. ஓய்வில் இருக்கும்போது இறக்கைகள் முதுகின்மேல் ஒன்றன்மீது ஒன்றாகப் படியும். வீட்டு ஈயின் மார்பில் நான்கு கருங்கோடுகள் இருக்கும். அதன் இறக்கைகள் ஓய்வில் விரிந்து நிற்கும். கிளஸ்டர் ஈயின் பறத்தலும் மந்தமானது.

இதே பருவத்தில் கட்டடங்களுக்குள் நுழையும் வேறு ஈக்களும் உண்டு. மாடுகளின் முகத்தில் மொய்க்கும் மஸ்கா ஆட்டம்னாலிஸில் ஆணின் வயிறு ஆரஞ்சு நிறமானது. யூடாசிபோரா சயனெல்லா பளபளக்கும் பச்சை நிறமுடையது. தௌமட்டோமையா நோட்டாட்டா 2 முதல் 3 மி.மீ. அளவே உள்ள மஞ்சள் ஈ.

வாழ்க்கைச் சுழற்சி

பெண் ஈ மண் வெடிப்புகளில் முட்டையிடுகிறது. சில நாளில் பொரிந்து வரும் புழு, மண்புழுவைத் தேடி அதன் உடலுக்குள் துளைத்துச் செல்கிறது. உள்ளே இருந்தபடி அதைத் தின்று வளர்கிறது. வளர்ச்சி முடிந்ததும் மண்ணில் கூட்டுப்புழுவாகிறது. கோடையில் முட்டை முதல் ஈ வரை ஏறத்தாழ 4 முதல் 6 வாரம் ஆகும். ஓராண்டில் பல தலைமுறைகள் தோன்றும். வளர்ந்த ஈக்கள் பூக்களின் தேனையும் பழச்சாற்றையும் உண்கின்றன. புழுவின் ஒட்டுண்ணி வாழ்வை உயிரியலாளர் டேவிட் கெய்லின் 1909இல் அலோலோபோபோரா குளோரோட்டிகா என்ற மண்புழுவில் கண்டு விவரித்தார். பின்னர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய இவரே, 1925இல் சைட்டோகுரோம் என்னும் சுவாச நிறமியைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார்.

திரளும் இயல்பு

கொசு, சிறுகொசு வகைகளின் ஆண்கள் அந்தரத்தில் திரள்வது இணை தேடுவதற்காக. கிளஸ்டர் ஈயின் திரளோ குளிரைத் தாங்குவதற்கானது. கோடை இறுதியில் பகல் குறுகி வெப்பம் தணியும்போது, கடைசித் தலைமுறை ஈக்கள் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு புகலிடம் தேடுகின்றன. வெயில் நன்கு படும் தெற்கு, மேற்குச் சுவர்களில் பிற்பகலில் மொய்த்து, வெப்பம் இறங்கியதும் கூரையடி, சன்னல் சட்டம் ஆகியவற்றின் இடுக்குகள் வழியே உள்ளே போகின்றன. இயற்கையில் மரப்பட்டையின் அடியும் மரப்பொந்தும் இவற்றின் புகலிடங்கள். உயரமான, திறந்த வெளியில் நிற்கும் கட்டடம் ஆண்டுதோறும் ஈக்களைக் கவரக்கூடும். முந்தைய ஆண்டின் ஈக்களே திரும்பி வருகின்றன என்பது இதற்குப் பொருளன்று.

குளிர்காலத்தில் இவை அசைவின்றிக் கிடக்கும். இடையே வெயில் அடித்தாலோ அறை சூடேறினாலோ விழித்து, வெளிச்சத்தை நாடிச் சன்னல் கண்ணாடியில் மோதும். வசந்தத்தில் வெளியேறியபின் இனப்பெருக்கம் செய்யும்.

மனிதருடன் தொடர்பு

இந்த ஈ கடிப்பதில்லை, வீட்டுக்குள் முட்டையிடுவதில்லை, நோய் பரப்பும் ஈயாகவும் கருதப்படுவதில்லை. நசுக்கினால் கறையும் தேன் போன்ற மணமும் வரும். பிறப்பிடம் தோட்டத்து மண் என்பதால், குப்பையை அகற்றுவதோ சமையலறையைக் கழுவுவதோ இதைக் குறைக்காது. சுவரிடுக்கில் மருந்தடித்துக் கொன்றால், செத்த ஈக்களைத் தின்ன டெர்மெஸ்டிட் வண்டுகள் வரும். அவை பின்னர் கம்பளித் துணிகளையும் அரிக்கும். மண்புழுக்களை ஒழிப்பது மண்ணுக்கே கேடு. கோடை முடியுமுன் இடுக்குகளை அடைத்து, காற்றுத் துளைகளுக்கு வலையடிப்பதும், உள்ளே வந்துவிட்டவற்றை வாக்யூம் கிளீனரால் உறிஞ்சி அகற்றுவதுமே பயனுள்ள வழிகள்.