ஹொங்காவும் பொங்கலோ பொங்கலும்

போன பொங்கலன்று காலையில் ஒரு சின்னச் சிக்கல். இங்கே ஜப்பானில் எங்கள் வீட்டு அடுப்பு ரொம்பப் புத்திசாலி. சூடு அதிகமானால் தானே தணிந்துவிடும். பால் பொங்கவே விடாது! எப்படியோ ஏமாற்றிப் பொங்க வைத்தோம். நுரை விளிம்பைத் தாண்டியதும் ஏழு வயது மகள் குதித்துக்கொண்டு கத்தினாள்: "யத்தா!"

வீடியோவில் கிழக்கேகோட்டையிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "பிள்ளை என்னடே சொல்லுது?"

"செஞ்சு முடிச்சாச்சுன்னு அர்த்தம்மா."

"பொங்கினது பாலு. அவ என்ன செஞ்சா?"

பதில் இல்லை :-) ஆனால் கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. சந்தோஷம் வந்தால் எந்த மொழியில் கத்துகிறோமோ, அதுதானே நம் மொழி? என் மகளுக்கு அது ஜப்பானியமாகிவிட்டது.

ஜப்பானிய வகுப்பில் முதலில் குழம்பியதும் இந்த இடத்தில்தான். நமக்கு எல்லாவற்றுக்கும் 'சந்தோஷம்' ஒன்று போதும். இவர்களுக்குப் போதாது. பரிசு கிடைத்த கணத்தில் வருவது 'உரெஷீ'. விளையாட்டிலோ அரட்டையிலோ மூழ்கி அனுபவிப்பது 'தனோஷீ'. வாழ்க்கையே நிறைவாக இருப்பது 'ஷியவாசே'. இந்தக் கடைசிச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. காரியங்கள் ஒன்றோடொன்று எப்படிக் கூடி வருகின்றன என்பதே அதன் பழைய பொருள். நன்றாகவும் கூடலாம், மோசமாகவும் கூடலாம். பிற்காலத்தில்தான் நல்லது மட்டும் தங்கியது. வாழ்த்தும்போது சொல்கிற 'ஒமெதெத்தோ' வேறு குடும்பம். 'மெகவும் போற்றத்தக்கது' என்று பொருள்படும் பழஞ்சொல்லில் இருந்து வந்தது.

இன்னொரு விசேஷம். 'அவனுக்கு உரெஷீ' என்று இங்கே நேராகச் சொல்ல முடியாது. சந்தோஷப்படுகிற மாதிரித் தெரிகிறது என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்தவன் மனசுக்குள் நீ எப்படிப் போனாய் என்று இலக்கணமே கேட்கிறது!

நம் சொற்கள் மட்டும் என்ன, பிறந்தபடியேவா இருக்கின்றன? சங்கப் பாடல்களில் 'மகிழ்' என்றால் கள்ளுண்ட மயக்கமும்தான். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்த 'உவகை' இப்போது மேடையில் மட்டும் வாழ்கிறது. 'சந்தோஷம்' வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் போதும் என்ற மனநிறைவு என்று பொருள்.

சரி, பொங்கலுக்கு வருவோம். வெளிநாட்டுத் தமிழர் பொங்கல் விழா எதற்குப் போனாலும் மேடையில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஜப்பானிய மொழி தமிழிலிருந்து பிறந்தது. அவர்களும் பொங்கலோ பொங்கல் என்கிறார்கள்." கைதட்டல் பறக்கும். நானும் தட்டியிருக்கிறேன்.

இதன் மூலவர் சுசுமு ஓனோ (1919–2008). கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர். பழைய ஜப்பானிய மொழிக்கு 1974-இல் வந்த முக்கியமான அகராதியின் ஆசிரியர்களில் ஒருவர். சாதாரண ஆள் இல்லை. 1980-இல் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் ஒலி ஒப்புமை காட்டி ஒரு நூல் வெளியிட்டார். சென்னையில் பொற்கோவும் யாழ்ப்பாணத்தில் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியும் அவருடன் சேர்ந்து உழைத்தார்கள். ஜனவரி 15 ஜப்பானில் 'சிறு புத்தாண்டு'. அன்று சிவப்புப் பயறு போட்டுக் கஞ்சி காய்ச்சுவார்கள். வடக்கு ஜப்பான் கிராமங்களில் "ஹொங்கா, ஹொங்கா" என்று கூவும் வழக்கம் இருந்தது. ஜப்பானிய 'ஹ' ஒரு காலத்தில் 'ப'வாக இருந்தது என்பது மொழியியலில் ஏற்கப்பட்ட செய்தி. அப்படியானால் ஹொங்கா, பொங்கா... புல்லரிக்கிறதா? எனக்கும் புல்லரித்தது.

ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஓனோவின் கொள்கையை ஏற்கவில்லை. இரண்டு பெரிய அகராதிகளை வைத்துக்கொண்டு பொருளைக் கொஞ்சம் தளர்த்தினால் எந்த இரு மொழிக்கும் ஒற்றுமை காட்டிவிடலாம் என்பது முக்கியமான மறுப்பு.

தேதி ஒற்றுமையை நானே கிண்டிப் பார்த்தேன். ஜப்பான் ஆங்கில நாட்காட்டிக்கு மாறியது 1873 ஜனவரி 1-இல். அதற்கு முன் சிறு புத்தாண்டு என்பது சந்திரக் கணக்கில் முதல் மாதத்துப் பதினைந்தாம் நாள், அதாவது பௌர்ணமி. பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். நம் பொங்கலோ சூரியன் மகர ராசியில் நுழையும் நாள். அதுவும் சுமார் எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிக்கொண்டே போகிறது. ஆக, இரண்டும் ஜனவரி நடுவில் சந்தித்துக்கொள்வது ரொம்பச் சமீபத்திய தற்செயல்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். எங்கள் ஊர் ஆற்றுகால் பொங்காலை கும்ப மாதத்தில், பௌர்ணமியை ஒட்டிய பூர நட்சத்திரத்தில் வரும். 2018-இல் அது மார்ச் 2. ஜப்பானின் பழைய கணக்குப்படி அந்த ஆண்டின் சிறு புத்தாண்டும் அதே மார்ச் 2! ஜப்பானியர் கிழக்கேகோட்டையிலிருந்து போனவர்கள் என்று நானும் ஒரு கொள்கை விடலாம் போல :-)

பொங்காலையைப் பார்க்காதவர்களுக்காக: அன்று கிழக்கேகோட்டை, சாலைக் கடைத்தெரு, மணக்காடு எங்கும் சாலை நெடுக செங்கல் அடுப்பு. 2009-இல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸில் பதிந்தது. கோயிலில் கண்ணகி கதையைத் தோற்றம்பாட்டாகப் பாடுவார்கள். பாண்டியன் மாண்ட கட்டம் பாடி முடிந்த பிறகுதான் பண்டார அடுப்பில் தீ வைப்பார்கள். நீதி கிடைத்த பிறகே சோறு. உடனே வாய்க்குரவை எழும். பழந்தமிழில் குரவை என்றால் கைகோத்து ஆடும் கூத்து. ஆட்டம் மறைந்து சத்தம் மட்டும் நின்றது. அந்தச் சத்தத்தில் தமிழ் எது, மலையாளம் எது என்று யாரால் பிரிக்க முடியும்? அதில் சொல்லே கிடையாது.

ஆயிரம் ஆண்டுக்கு முன் ஜப்பானிய அரண்மனையில் இருந்த சேய் ஷோனகோனும் தன் குறிப்புகளில் இதே பதினைந்தாம் நாளைப் பற்றி எழுதியிருக்கிறார். கஞ்சி கிண்டிய குச்சியால் பெண்கள் ஒருவரையொருவர் விளையாட்டாக அடித்துச் சிரிப்பார்களாம். கஞ்சி கொதித்தால் மனுஷிக்குச் சிரிப்பு வருகிறது, கூவ வருகிறது. இதற்கு மொழிக் குடும்பம் ஒன்றாக இருந்தே தீர வேண்டுமா?

அதனால் இப்போது மேடையில் அந்தப் பேச்சு வந்தால் நான் கைதட்டுவதில்லை. ஓனோ தமிழ் மேல் வைத்த அன்பு உண்மை. அதற்கு நன்றி போதும். தமிழ் பெரிய மொழி என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஜப்பானைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம். பால் பொங்கும்போது பக்கத்தில் நின்று நாம் முதலில் கூவினால் போதும். அன்று நான் வாயை மூடிக்கொண்டு ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு பிள்ளையைச் சொல்லி என்ன பயன்?

ஃபோனை வைக்குமுன் அம்மா பேத்தியிடம் கேட்டாள்: "மக்ளே, சந்தோஷமா இருக்கியா?"

அவள் என்னைப் பார்த்தாள். "அப்பா, பாட்டி எதைக் கேக்கறா? உரெஷீயா, தனோஷீயா, ஷியவாசேயா?"

மூணையும்தான் என்றேன்.